இருட்டுக் கேட்ட செடி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவருக்குக் கோபமே வராது. அதனால் இருவருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடிக்கு எதிரே, எங்கள் ஒழுங்கை காலி வீதிப் பெருந்தெருவில் ஏறுகிற மூலையில், மண்மூட்டை அடுக்கி ஒரு காவலரண் போட்டிருந்தார்கள். அதன் உச்சியில் பெரிய விளக்கு ஒன்று. பொழுதுபட்டதும் எரியத் தொடங்கினால் விடியும்வரை எங்கள் பல்கனியிலேயே விழுந்துகொண்டிருக்கும். அந்த விளக்கை நான் திட்டாத நாள் இல்லை.

எங்கள் பாதுகாப்புக்குத்தானாம். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்க அந்த நாட்களில் யாருக்கும் வாய் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி வந்து, கொஞ்சக் காலம் லொட்ஜில், பிறகு யாரோ வீட்டுப் பின்னறையில் என்று இழுபட்டு, கடைசியில்தான் இந்த மேல்மாடி கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், ஒரு பல்கனி. பம்பலப்பிட்டியில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மகள் நடந்தே போய்விடுவாள். வழியில் எங்கள் ஒழுங்கை மூலையைத் தவிர வேறு காவலரண் இல்லை. அந்த வருடம் டிசம்பரில் அவளுக்கு ஓ.எல். சோதனை, அரசாங்கப் பொதுப் பரீட்சை. எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் எங்களைக் கிளப்பாமல் இருந்தால் போதும்.

செடியைத் தந்தது என் கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்த பெண். பண்டாரவளைக்காரி, சிங்களப் பெண். கிறிஸ்மஸ் காக்டஸ் என்றாள். கள்ளி என்கிறாளே, முள்ளைக் காணவில்லையே என்று பார்த்தேன். தட்டையான பச்சைத் துண்டுகள் ஒன்றின் நுனியில் ஒன்று தொடுத்தாற்போல இருந்தன. அதில் மூன்று கணு கொண்ட ஒரு துண்டைத்தான் கடதாசியில் சுற்றித் தந்தாள்.

"கள்ளியை வீட்டுக்குள்ள வைச்சா வீட்டில சண்டை வருமாம்" என்றார் என் கணவர்.

"நாடு முழுக்கச் சண்டை. இதால புதுசா என்ன வரப்போகுது?" என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

முதல் துண்டை நான் கொன்றேன். யாழ்ப்பாணத்துக் கை அது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றிப் பழகிய கைக்கு, ஒரு செடி தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் விளங்குவதில்லை. காலையும் பின்னேரமும் ஊற்றினேன். அடித்துண்டு கூழாகிச் சரிந்தது. பண்டாரவளைக்காரி தலையில் அடித்துக்கொண்டு இன்னொன்று கொண்டுவந்தாள். வெட்டிய வாயை இரண்டு நாள் காயவிட்டு, ஆற்றுமணலும் தும்புத்தூளும் உக்கிய இலையும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்னச் சாடியில் ஊன்றி, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடவேண்டும். நேர் வெயில் பட்டால் சிவந்துபோகும். இத்தனையும் ஒழுங்காகச் செய்தேன். அது பிடித்துக்கொண்டது. ஒன்றரை வருடத்தில் சாடி விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் தொங்கியது. பூ மட்டும் இல்லை.

"இருட்டு வேணும்" என்றாள் அவள். வருடக் கடைசியில் நீண்ட இரவுகள் வேண்டுமாம். பின்னேரத்திலிருந்து விடிந்து வெகுநேரம் ஆகும்வரை ஒரு பொட்டு வெளிச்சமும் படக்கூடாதாம். அப்போதுதான் அது மொட்டு வைக்குமாம். மலைநாட்டில் அது பாட்டுக்கு நடந்துவிடும். கொழும்பில் கொஞ்சம் பாடுபட வேண்டும். மொட்டு வைத்த பிறகு சாடியை இடம் மாற்றவும் கூடாது, திருப்பவும் கூடாது. மாற்றினால் மொட்டு உதிர்ந்துவிடும்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாருங்கள், எங்கள் பல்கனியில் இரவே வருவதில்லை! விடிய விடிய அந்த விளக்கு. சரி, உள்ளே வைக்கலாம் என்றால் உள்ளேயும் மகள் படிப்பதற்காக வெகுநேரம் லைட் எரியும். ஒரு செடி பூப்பதற்கு வேண்டிய இருட்டுக்கூட இந்த ஊரில் எங்களுக்கு இல்லை என்று கந்தோரிலேயே சத்தம் போட்டேன். பண்டாரவளைக்காரி பயந்து சுற்றிப் பார்த்தாள்.

கீழே இருந்த வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். பருத்தித்துறைப் பக்கம். அரசாங்க உத்தியோகத்துக்காக வாலிபத்திலேயே கொழும்பு வந்து, பென்சன் எடுத்து, மனைவியும் போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரிடம்தான் செடியை மூட ஒரு பெட்டி இருக்குமா என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "பூவுக்கும் ஊரடங்குச் சட்டமோ தங்கச்சி?" என்றார். பிறகு, மகன் அனுப்பிய சாமான் வந்த தடித்த மட்டைப்பெட்டி ஒன்றைத் தானே படியேறிக் கொண்டுவந்து தந்தார். சாடிக்கு மேல் கவிழ்த்துப் பார்த்து, "அச்சொட்டா இருக்கு" என்றும் சொன்னார். பெட்டிப் பொருத்து வழியாக வெளிச்சம் போகாமல் நான் மேலே ஒரு கறுத்த துணியும் போர்த்தினேன்.

பின்னேரம் கந்தோரால் வந்ததும் மூடுவேன். காலையில் சமைத்து முடித்துப் புறப்படும்போது திறப்பேன். கண்ணும் கருத்துமாகச் செய்தேன். நொவெம்பர் பிறக்க, துண்டுகளின் நுனியில் அரிசி அளவில் சிவப்பாக ஏதோ முளைத்திருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு ஓடிவந்து பார்த்தாள். எனக்கு அந்த விளக்கின் மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

இப்போது எழுதும்போது எனக்கே விளங்குகிறது. ஒரு காவலரணுக்கு நேரெதிரே, தமிழ்ப் பெண் ஒருத்தி, தினமும் பொழுதுபடும் நேரம் பல்கனிக்கு வந்து, எதையோ பெட்டியால் மூடிக் கறுப்புத் துணி போர்த்துகிறாள். காலையில் எடுக்கிறாள். அதுவும் அந்தக் காலத்தில். செடியைப் பார்த்த கண்ணுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. என் கணவருக்குமா தோன்றவில்லை என்றால், அவருக்கும் தோன்றவில்லை.

ஒரு பின்னேரம் வந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர்களும் காவலரணில் நின்ற ஒரு ஆமிக்காரனும். முன்னால் வீட்டுக்காரர். என் கணவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் ஏற்றியிறக்கும் இடத்தில் கிளார்க்காக இருந்தார். அன்றைக்கு இன்னும் வீடு வரவில்லை. மகளை என் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

"மேக்க மொகத்த?" என்று ஒருவன் பெட்டியைக் காட்டினான். இது என்ன என்று கேட்கிறான் என்று விளங்கும் அளவுக்கு எனக்குச் சிங்களம் இருந்தது.

"மல் கஹக்" என்றேன். பூச்செடி.

பூச்செடிக்கு ஏன் பெட்டி, ஏன் கறுப்புத் துணி, யாருக்குச் சைகை காட்டுகிறாய் என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல என் சிங்களம் போதாது. பூக்க இருட்டு வேண்டும் என்பதைத் தமிழில் சொன்னாலும் ஒரு பொலிஸ்காரன் நம்புவானா? வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். பெட்டியே அவருடையது. மட்டையில் அவருடைய பெயர்கூட இருந்திருக்கும், துணிதான் மறைத்தது. இரண்டு வசனம் சொன்னால் முடிந்துவிடும்.

"மம தன்னே நா" என்றார். எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

வாய் திறந்தால் பெட்டி இவருடையது என்று கத்திவிடுவேன். கத்தினால் அவரையும் கொண்டுபோவார்கள், என்னையும் கொண்டுபோவார்கள், பின்னால் நிற்கிற பிள்ளை தனியே நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருவன் பொல்லால் பெட்டியைத் தட்டிவிட்டான். மற்றவன் சாடியைத் தலைகீழாகக் கொட்டி, காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தான். வேரும் தும்பும்தான் இருந்தன. ஆமிக்காரன் சிரித்துவிட்டான். இனிமேல் எதையும் மூடக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

மண்ணைக் கூட்டி அள்ளினேன். மொட்டுகளில் பெரும்பகுதி மண்ணோடு கிடந்தது. மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எறியச் சொல்லி அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் திரும்பவும் படியேறி வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, நீங்கள் வேற இடம் ஒண்டு பார்த்தா நல்லது. கொட்டாஞ்சேனைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

"அண்ணை, பிள்ளைக்கு அடுத்த மாதம் சோதனை."

"விளங்குது. ஆனா பொலிஸ் என்ரை படியேறுறதை இந்த வயசில என்னாலை பார்க்கேலாது."

"பெட்டி நீங்கள் தந்தது அண்ணை."

"நான் நல்லதுக்குத்தான் தந்தனான்" என்றார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருவதென்றால் கோட்டையைத் தாண்ட வேண்டும். பஸ்ஸை எத்தனை இடத்தில் மறித்து ஆட்களை இறக்குவார்கள் என்று சொல்ல முடியாது. சோதனை நாளில் பிள்ளை மண்டபத்துக்குப் பிந்திப் போனால் அந்த வருடமே போய்விடும். என் கணவர் வந்ததும் கீழே போய்க் கெஞ்சினார். சோதனை முடிந்த அடுத்த நாளே விட்டுவிடுகிறோம் என்றார். வீட்டுக்காரர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் மேல்மாடியில் லைட் போனது. "மேல லைன்ல ஏதோ பிழை. பின்னேரத்தில லோட் கூடினா சூடாகுது போல. வயர்காரனுக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார் வீட்டுக்காரர். விடிந்ததும் கரண்ட் தானாக வந்தது. பொழுதுபட மறுபடி போனது. பகலில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு இருட்டினால் மட்டும் கெட்டுப்போகிற லைனை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒரு நாள் கந்தோரால் வரும்போது அவருடைய ஹோல் ஜன்னல் திறந்திருந்தது. மெயின் சுவிட்ச் பலகை அந்தச் சுவரில்தான். வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து, மேல்மாடிக்கான சுவிட்சை விரலால் கீழே தட்டிவிட்டு, திரும்பிப்போய்ச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வானொலி நிற்கவே இல்லை.

அப்படியே உள்ளே போய் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என் கணவர் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சை பாரும். சண்டை பிடிச்சா நாளைக்கே வெளிய விடுவார். பொலிஸிட்ட எங்களைத் தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். பிள்ளைக்கும் ஒண்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவளுக்குப் படிப்பு ஓடாது." அவர் சொன்னது சரி. அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மகளிடம் லைன் பிழை என்றே சொன்னோம். அவள் நம்பினாள். கூடவே, வயர்காரனுக்காக அலைகிற மாமா பாவம் என்று, நான் தோசை சுட்டால் இரண்டை மூடி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில் அவள் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தாள். போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெயும் சின்னத் திரியும். அந்தப் புகையில் அவளுடைய கண் எப்போதும் சிவந்திருக்கும். கொழும்புக்கு வந்தபின் அப்படி ஒரு விளக்கை என் வீட்டில் ஏற்றமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தேன். மெழுகுதிரி வாங்கினேன். காற்றுக்கு அது நிற்கவில்லை. ஒரு பின்னேரம் மகள் யாரிடமும் கேட்காமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். காவலரண் விளக்குக்குக் கீழே விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தாள். எழுத்து நன்றாகத் தெரிகிறது என்றாள்.

எனக்கு உயிரே இல்லை. எதிரே துவக்கோடு நிற்கிற ஆமிக்காரர்கள் பார்க்க, வயதுவந்த பிள்ளை வெளிச்சத்தில் இருக்கிறாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. இன்னொரு கதிரையைப் போட்டு, காவலரணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நான் இருந்தேன். தினமும் அப்படித்தான். கையில் ஏதாவது தையல் வைத்துக்கொள்வேன். என் நிழல் கொப்பியில் விழுகிறது என்று அவள் சொன்னால் கொஞ்சம் நகர்வேன்.

ஒரு காலை நாங்கள் மூலையைத் தாண்டும்போது, அன்றைக்குப் பொலிஸோடு வந்து சிரித்த அதே ஆமிக்காரன், "நங்கிட்ட விபாகயத?" என்று கேட்டான். தங்கச்சிக்குச் சோதனையா என்று. மகள் தலையாட்டினாள். அன்று பின்னேரம் பார்த்தால், விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். வெளிச்சம் அவளுடைய முகத்தில் அடிக்காமல் நேரே புத்தகத்தில் விழுந்தது. அவனுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களை ஊரைவிட்டுக் கலைத்த துவக்கோடு நிற்கிறவன் அவன். நன்றி சொல்லாமல் அவனைத் தாண்டிப் போகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரரால் எனக்கு வந்த நிலை இது என்று அவரைத்தான் மனதுக்குள் மறுபடியும் திட்டினேன்.

செடியை நான் மறுபடி சாடியில் ஊன்றிப் பின்னறை மூலையில் வைத்திருந்தேன். பெட்டியும் வேண்டாம், துணியும் வேண்டாம். வீட்டுக்காரர் புண்ணியத்தில் வீடே பெட்டியாகிவிட்டது. காலையில் அறை ஜன்னலைத் திறப்பதுதான் என் வேலை. உதிராமல் தப்பிய சில மொட்டுகள் நீண்டு, சோதனை நடந்த கிழமையில் விரிந்தன. நல்ல ரோசா நிறம், ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல இதழ்கள். மகள் தினமும் சோதனைக்குப் போகுமுன் போய்ப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. வடிவாக இருக்கிறது என்று என் கணவர் சொன்னபோது, வாடகைக்கு மேல் இதற்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன்.

சோதனை முடிந்த மறுநாள் லொறி வந்தது. கொட்டாஞ்சேனையில் வீடு பார்த்திருந்தோம். சாமான் ஏற்றி முடியப் பொழுதுபடத் தொடங்கிவிட்டது. மேல்மாடியில் வழக்கம்போல லைட் இல்லை. தட்டித் தடவித்தான் கடைசிச் சட்டி பானைகளை இறக்கினோம். கேற்றடியில் வீட்டுக்காரர் நின்றார்.

"பிள்ளை நல்லா எழுதினவவோ?"

"ஓம் மாமா" என்றாள் மகள். "நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. போயிட்டு வாறம்."

அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார். நான் சாடியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய கண் அதில் விழுந்தது.

"நல்லாப் பூத்திருக்கு. அசைச்சாக் கொட்டுண்டிடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் தங்கச்சி. விட்டிட்டுப் போங்கோவன், நான் பார்க்கிறன்."

"கொட்டட்டும் அண்ணை" என்றேன். இன்னும் சில நிமிடங்கள்தான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமலே இந்த ஒழுங்கையை விட்டுப் போய்விடலாம் என்று லொறியில் ஏறினேன். நாங்கள் மூன்று பேரும் பின்னால், சாமான்களுக்கு நடுவில் இருந்தோம்.

லொறி நகர்ந்து சில வீடுகள் தாண்டவில்லை. எங்கள் மேல்மாடி முழுக்கப் பளிச்சென்று எரிந்தது. ஹோல், இரண்டு அறை, பல்கனி, குசினி, எல்லாம் ஒரேயடியாக. கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து ஒரு சுவிட்சையும் நாங்கள் அணைத்திருக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் அத்தனை பல்பும் எரிந்தன. கீழே ஜன்னலில், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், அவர் நிற்பது லொறியிலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"லைன் சரிவந்திட்டுது போல" என்றார் என் கணவர், அவசரமாக.

மகள் அவரைப் பார்க்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள்.

நான் சாடியை மடிக்கு இழுத்து வைத்தேன். அவளுடைய தாடை இறுகியது, மூக்கு விடைத்தது, கண் சின்னதாகியது. கண்ணாடியில் நான் அடிக்கடி பார்த்திருக்கும் முகம் அது. என் கோபம் என்னோடு போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் அத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.